நாற்பது சதவீத மலை

பேராசிரியர் செல்வின் தேன்பாறை என்ற மலையூரைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசியது மொத்தமே இரண்டு வாக்கியம். அதுவும் போகிறபோக்கில் சொன்னது.

அன்றைய விவாதம் கோவை நகருக்குள் தேங்கும் மழைநீரைப் பற்றியது. செல்வின் மலைச்சரிவுகளின் மண்ணை ஆராய்வதிலேயே தலை நரைத்தவர். எந்தப் பொதுப் பிரச்சினைக்கு எந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கலாம் என்று மேற்குமலைப் பல்கலைக்கழகம் ஊடகங்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. மழை, மண், மலை என்றால் அவர்தான். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் நெறியாளர் சிரித்துக்கொண்டே, "மலையடிவாரத்துல எல்லாரும் வீடு வாங்குறாங்களே சார், நீங்க வாங்குவீங்களா?" என்று கேட்டார்.

"தேன்பாறைப் பக்கம் தண்ணி வடியுற வழி சரியா இல்லை. நானா இருந்தா அங்க வாங்க மாட்டேன்," என்றார் செல்வின்.

சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், படுத்தார்.

மறுநாள் பல்கலைக்கழகத்தின் ஊடகப் பிரிவுத் தலைவர் நஸ்ரின் அவர் அறைக்கே வந்துவிட்டார்.

"சார், நேத்து தேன்பாறை பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஏன்?"

"செவி அதை எடுத்துக்கிச்சு."

செவி என்பது ஓர் இயந்திரம். படித்தவர்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்ற பழைய புகாருக்கு மருந்தாக வந்தது. பதிவு பெற்ற நிபுணர் பொதுவெளியில் எதைப் பேசினாலும் அது கேட்கும். அவர் முன்பு சொன்னவற்றில் எவ்வளவு பலித்தது என்று பார்த்து, அவருடைய சொல்லுக்கு ஓர் எடை போடும். அந்த எடைக்கு ஏற்றபடி, செவியோடு இணைந்திருக்கும் அரசு அலுவலகங்களும் கம்பெனிகளும் தாமாகவே நகரும். கூட்டம் கிடையாது, கோப்பு கிடையாது, மேலதிகாரியின் ஒப்புதல் கிடையாது. அது வந்த முதல் ஆண்டில் பூச்சியியல் பேராசிரியை ஒருவர் டெங்கு பரவப்போகிறது என்று வானொலியில் சொல்லி முடிப்பதற்குள் மருந்தடிக்கும் வண்டிகள் தெருவில் இறங்கிவிட்டன. அந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் செல்வினும் முந்திக்கொண்டு தன் பெயரைப் பதிவு செய்திருந்தார்.

"தேன்பாறையில வீடுகளுக்கு இன்சூரன்ஸ் நின்னுடுச்சு," என்றார் நஸ்ரின். "புதுசா வீடு கட்ட அனுமதி இல்லை. ஆம்புலன்ஸ் நிலையத்தை மலைக்குக் கீழ மாத்திட்டாங்க. மினி பஸ் இனிமே பாதி வழியிலேயே திரும்பிடும்."

"நான் வாங்க மாட்டேன்னுதானே சொன்னேன். அங்க இருக்கிறவங்களைப் போகச் சொல்லலையே. ரோட்டுக்கு அடியில ரெண்டு குழாய் பதிச்சா தீர்ந்துபோற விஷயம்மா அது."

"அதை நீங்க சொல்லலை சார். சொல்லாததை அதுக்குக் கேக்கத் தெரியாது."

"சரி, இப்பப் போய்ச் சொல்றேன்."

"சொல்லலாம். ஆனா விலகிப்போறதுக்கு அதுக்கு ஒரு வார்த்தை போதும். திரும்பி வரணும்னா நிறைய ஆதாரம் கேக்கும். அதோட, மாத்திச் சொன்னீங்கன்னா உங்க எடை குறையும்."

செல்வின் வேறொரு தொலைக்காட்சிக்கு வலியப் போய், தேன்பாறை இருக்கத் தகுந்த இடம்தான், வடிகால் அமைத்தால் போதும் என்று விளக்கமாகச் சொன்னார். நஸ்ரின் சொன்னபடியே நடந்தது. அவருடைய எடை குறைந்தது. தேன்பாறைக்குப் பஸ் திரும்பவில்லை.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு பெண்மணி அவரைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். பெயர் கௌசல்யா என்றும் தேன்பாறையில் மெஸ் நடத்துவதாகவும் சொன்னார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஏனுங்க சார், எங்கூரப் பத்தி டிவியில பேசுனது நீங்கதானுங்களே?"

"ஆமாம்மா."

"சண்டைக்கு வரலீங்க. ஆளு யாருன்னு ஒருக்கா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். பள்ளிக்கூடத்துல ரெண்டு வாத்தியார மாத்திட்டாங்க, இப்ப மூடிட்டாங்க. மருந்துக்கடைக்காரரு காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. பஸ்ஸு வராத ஊருல மெஸ்ஸுக்கு யாருங்க வருவாங்க? நாங்க கொஞ்சம் குடும்பங்க சேர்ந்து ஆனைக்கொம்பைக்குக் குடி போறமுங்க. அங்க எல்லா வசதியும் இருக்குது."

"நான் சொன்னது பொய் இல்லைம்மா. ஆனா இப்படி ஆகும்னு நினைச்சுச் சொல்லலை."

"பொய்யின்னு நானும் சொல்லலீங்க. யாருகிட்டச் சொன்னீங்கன்னுதான் எனக்கு வெளங்கல. எங்களுக்குச் சொல்றதா இருந்தா எங்கூருக்கு வந்து சொல்லியிருப்பீங்கல்லங்க?"

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார். செல்வின் அன்று வழக்கம்போல வகுப்புக்குப் போனார், பாடம் எடுத்தார், விடைத்தாள் திருத்தினார். வாரக் கடைசியில் நஸ்ரினிடம் போய், பதிவிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

"பதிவுல இல்லாதவர் பேசினா யார் சார் கேப்பாங்க?"

"மனுஷங்க கேப்பாங்க."

நஸ்ரின் அவர் சொன்னபடியே பெயரை எடுத்துவிட்டார்.

அதற்கடுத்த காலத்தில் பல்கலைக்கழகங்களில் புதிதாக ஒரு பேச்சு முறை உண்டானது. பொருளாதாரப் பேராசிரியர்கள் வெங்காய விலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். கேட்டு முடித்தவருக்கு விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாது. ஒரு வாய்தவறுதலில் ஊர் ஒன்று காலியாகும் என்ற பயம் அவர்களுக்கு. ஒன்றும் சொல்லாமல் நன்றாகப் பேசுவது எப்படி என்று நஸ்ரினின் பிரிவே பயிற்சி வகுப்பு நடத்தியது. இன்னொரு சாராரும் இருந்தார்கள். செவிக்கு 'இருக்கலாம்', 'தோன்றுகிறது' போன்ற சொற்கள் பிடிப்பதில்லை என்று கண்டுகொண்டவர்கள். அவர்கள் சுருக்கமாக, அடித்துப் பேசினார்கள். அவர்களுடைய எடை ஏறிக்கொண்டே போனது. ஜனங்களும் பழகிவிட்டார்கள். நிபுணர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. செவி நகர்ந்ததா என்று மட்டும் கைபேசியில் பார்த்துக்கொண்டார்கள்.

செல்வின் இந்த இரண்டிலும் இல்லை. உள்ளூர்ச் சங்கங்களிலும் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் கூப்பிட்டால் போய்ப் பேசினார். தன் மனதில் இருப்பதை, சந்தேகங்களையும் சேர்த்தே சொன்னார். அவர் சொன்னதால் எதுவும் நகரவில்லை. அது அவருக்கு நிம்மதியாகவே இருந்தது.

இப்படியிருக்கையில் ஒரு தென்மேற்குப் பருவமழை விடாமல் பிடித்துக்கொண்டது. மேற்கு மலையில் பல இடங்களில் அவருடைய துறை, மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் புதைத்து வைத்திருந்தது. ஆனைக்கொம்பையில் இருந்த கருவி காட்டிய கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. நேரில் பார்க்கக் கிளம்பினார்.

குடியிருப்புக்கு மேலே சரிவில் ஏறிப் பார்த்தபோது, புல்லுக்குள் மறைந்து ஒரு வெடிப்பு வளைந்து வளைந்து ஓடியது. கீழே இரண்டு மின்கம்பங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தன. ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தது. ஒரு பாறை மேல் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்த மழையிலேயே சரிவு இறங்குவதற்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ஒன்றும் ஆகாமல் நின்றுவிட அறுபது. இரண்டு தடவை போட்டும் அதேதான் வந்தது.

ஊரில் முதலில் கண்ணில் பட்டது 'கௌசல்யா மெஸ்' என்ற பலகைதான். அவர் உள்ளே நுழைந்ததும் கௌசல்யா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் நீங்களாங்க?"

"இந்தத் தடவை உங்க ஊருக்கே வந்து சொல்றேம்மா. ஆட்களைக் கொஞ்சம் கூட்டுங்க."

சமுதாயக் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். செல்வின் வெடிப்பைப் பற்றிச் சொன்னார், கம்பங்களைப் பற்றிச் சொன்னார், மழை விடும்வரை எல்லாரும் கீழே போய் இருந்தால் நல்லது என்றார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. டீ கொடுத்தார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்தவர் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்சூரன்ஸ் அப்படியேதான் இருக்குது சார். பஸ்ஸும் டயத்துக்கு வருது."

"நான் பதிவுல இல்லைங்க. அதனால செவிக்கு இது தெரியாது."

"கருவி வெச்சிருக்கீங்கல்ல, அது பேசாதுங்களா?"

"கருவி வெறும் நம்பரைத்தான் குடுக்கும். அதுக்கு அர்த்தம் நிபுணர் சொன்னாத்தான் செவி எடுத்துக்கும்."

"அப்ப எறங்குறது நிச்சயமுங்களா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது. நூத்துக்கு நாற்பது."

கூடத்தில் ஒரு தளர்ச்சி பரவியது. நிம்மதி அடைகிறவர்களின் தளர்ச்சி. பாதிக்கும் கீழேதானே என்று யாரோ பின்னால் சொன்னார்கள். கௌசல்யா எழுந்தார்.

"போன தடவையும் நீங்க சொல்லித்தான் கெளம்புனமுங்க சார். தேன்பாறை இன்னும் அங்கேயேதான் நிக்குது, நாங்கதான் இல்லை. மறுபடியும் சட்டி பானையத் தூக்கச் சொன்னா எப்படிங்க? வீட்டுக்காரரு வேற படுக்கையில இருக்காரு. இந்த மழையில அவர நான் எங்கீங்க கொண்டு போவேன்?"

அவர் கோபமாகப் பேசவில்லை. மற்றவர்களும் மரியாதையாகத்தான் கலைந்து போனார்கள். மனுஷங்க கேட்பார்கள் என்று அவர் சொன்னது சரிதான். கேட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் நின்று செல்வின் நஸ்ரினைக் கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் இரண்டு பேருமே உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"என் பேரைத் திரும்பப் பதிவுல போட முடியுமா?"

"ஒரு நிமிஷ வேலை சார். பழைய எடையோட அப்படியே திரும்பிடும். என்ன சொல்லப்போறீங்க?"

சொன்னார்.

"எத்தனை சதவீதம்?"

"நாற்பது."

"சார், நாற்பதுன்னு சொல்லாதீங்க. நாற்பதுக்கு இன்சூரன்ஸ்காரன் விலகுவான், பஸ் நிக்கும், கடைக்குச் சரக்கு வராது. கம்பெனிங்க தங்களைக் காப்பாத்திக்கிறதுக்கு நாற்பது போதும். ஆட்களை ஏத்திக்கிட்டு வர வண்டி அனுப்பணும்னா தொண்ணூறாவது வேணும்."

"அப்ப நாற்பதுன்னு சொன்னா ஊர்க்காரங்க அங்கேயேதான் இருப்பாங்க. கீழ வர பஸ்ஸும் இருக்காது."

"ஆமா சார்."

"தொண்ணூறுன்னு சொன்னா?"

"எல்லாரையும் இறக்கிடுவாங்க. ஆனா அதுக்கப்புறம் அந்த ஊர் ஊரா இருக்காது. மலை எறங்கினாலும் சரி, எறங்காட்டியும் சரி." பிறகு மெதுவாகக் கேட்டார்: "எறங்கலைன்னா உங்க பேரு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"எறங்கலைன்னா நல்லதுதானேம்மா."

அவர் யோசித்தது வேறு. இத்தனை வருட வேலையில் ஓர் எண்ணைக்கூட அவர் மாற்றிச் சொன்னதில்லை. ஆய்வு மாணவன் ஒருவன் ஒருமுறை அளவீட்டை வசதிக்காகத் திருத்தியபோது அவனுடைய ஓராண்டு வேலையை ஏற்க மறுத்தவர். எதிரே மெஸ்ஸின் ஓட்டு வழியே புகை எழும்பி மழையில் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, பெயரைச் சேர்த்துவிடும்படி நஸ்ரினிடம் சொன்னார்; பிறகு கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து நேரலையில் பேசினார்.

"நான் மேற்குமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் செல்வின். ஆனைக்கொம்பைக்கு மேல இருக்கிற சரிவு இந்த மழையில இறங்கும். சந்தேகமே இல்லை."

வண்டிகள் அவர் நினைத்ததைவிட வேகமாக வந்தன. கூடத்தில் பாதிக்கும் கீழே என்று ஆறுதல் அடைந்தவர்கள் இப்போது குடையைக்கூடத் தேடாமல் ஓடிவந்து ஏறினார்கள். கைபேசிகள் எல்லாம் ஒரே செய்தியைக் காட்டியிருந்தன. கௌசல்யாவின் கணவரைக் கட்டிலோடு தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கௌசல்யா கடைசி வண்டியில் ஏறும்போது செல்வின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கௌசல்யா அவர் பக்கம் திரும்பாமலே உள்ளே போய் உட்கார்ந்தார்.

முகாம் ஓர் அரசுக் கல்லூரியில். அடுத்த நாள் மலை அப்படியே நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. வெயில்கூட லேசாக அடித்தது. வரிசையில் தட்டோடு நிற்பவர்கள் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவதைச் செல்வின் கவனித்தார். தினமும் அங்கே போய்வந்தார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஒருவர் மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "ரெண்டு ஊரு ஆச்சுங்க. அடுத்தது எது?"

பிறகு மழை திரும்ப வந்தது. ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளையில், ஆனைக்கொம்பை இறங்கியது. சமுதாயக் கூடம், மின்கம்பங்கள், பஸ் நிறுத்தம், மெஸ், வீடுகள் எல்லாம் சேர்ந்து பள்ளத்தாக்கின் அடிக்குப் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. முகாமில் அதைக் கைபேசியில் பார்த்தவர்களில் சிலர் செல்வினின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கௌசல்யா சுவரோரமாகப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

செவியின் கணக்கு எளிமையானது. சந்தேகமே இல்லை என்றார், நடந்தது. அதுவரை எந்த நிபுணருக்கும் இல்லாத எடை செல்வினின் பெயருக்கு ஏறியது. பல்கலைக்கழக வாசலில் அவருடைய படத்தை வைத்தார்கள். அந்த நிச்சயத்துக்கு எப்படி வந்தார் என்று அறிய வெளிமாநிலத்திலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். அவருடைய பழைய கட்டுரைகளில் சூத்திரம் தேடினார்கள்.

துணைவேந்தரிடம் போய் அவர் உண்மையைச் சொன்னார். "அது நாற்பதுதான் சார். நான் பொய் சொன்னேன்."

துணைவேந்தர் சிரித்தார். "உங்க தன்னடக்கம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

நஸ்ரினிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பொதுவுல மட்டும் இதைச் சொல்லிடாதீங்க சார். இப்ப நீங்க எது சொன்னாலும் செவி நம்பும். நிபுணர்கள் பொய் சொல்றாங்கன்னு நீங்க சொன்னா அதையும் நம்பிடும். டெங்குக்கு வர்ற வண்டியும் நின்னுடும்."

"பேரை எடுத்துடலாமே."

"இந்த எடைக்கு மேல எடுக்க முடியாதாம் சார். பொதுச்சொத்துன்னு விதி போட்டிருக்காங்க."

பிறகு ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, மண்டபம் கொஞ்சம் பள்ளமான இடத்தில் இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். யாரோ பந்தியை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். அந்த மண்டபத்தில் அதற்குப் பின் கல்யாணம் நடக்கவில்லை. அதோடு செல்வின் வெளியே பேசுவதை விட்டுவிட்டார். வகுப்பிலும் எழுதிப் போட்டுவிட்டு மாணவர்களையே வாசிக்கச் சொன்னார். கடையில் பொருளைக் கைகாட்டி வாங்கினார். ஊமையாகிவிட்டாரா என்று விசாரித்தவர்களும் உண்டு.

தை மாதம் கௌசல்யாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஆனைக்கொம்பைக்காரர்களுக்குப் பாலக்கரடு என்ற இடத்தில் அரசு வரிசை வீடுகள் கொடுத்திருந்தது. வீட்டுக்காரர் இப்போது எழுந்து நடக்கிறார், ஒரு நாள் சாப்பிட வர வேண்டும் என்றார். செல்வின் 'ம்' என்று மட்டும் சொன்னார்.

போனபோது கௌசல்யா வாசலிலேயே கையை நீட்டினார். "போனக் குடுங்க." அதையும் தன்னுடையதையும் கணவருடையதையும் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். வீட்டின் பின்சுவரை ஒட்டியே கரடு என்கிற சிறு குன்று எழும்பி நின்றது. சுவர் எழுப்புவதற்காக அதன் அடியைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள்.

"அன்னிக்கு நூத்துக்கு நாற்பதுன்னு எங்ககிட்டச் சொன்னீங்க. அப்பறம் அதுகிட்டச் சந்தேகமே இல்லைன்னீங்க," என்றார் கௌசல்யா. "நெசம் எதுங்க?"

செல்வின் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். நான்கு விரல்களை விரித்துக் காட்டினார்.

கௌசல்யா தலையசைத்தார். "நெனச்சேன். எங்ககிட்டச் சொன்னதுதான் நெசமா இருக்கும்னு." பிறகு கரட்டைக் காட்டினார். "இப்ப இதப் பாருங்க. வாயில ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க, யாரு காதுல விழுகும்னு தெரியாது. தலைய மட்டும் ஆட்டுங்க. இங்க இருக்கலாமுங்களா?"

செல்வின் வெட்டிய மண்ணைக் கிள்ளி எடுத்து நசுக்கிப் பார்த்தார். வேர்கள் எவ்வளவு ஆழம் போயிருக்கின்றன என்று குனிந்து பார்த்தார். சற்று ஏறிப்போய்ப் பாறை தெரிகிற இடத்தைக் காலால் தட்டிவிட்டு இறங்கி வந்தார். கௌசல்யா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

அவர் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக அல்ல, இடமும் வலமுமாக அல்ல. ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குச் சாய்த்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் கொஞ்சமாகச் சாய்த்தார்.

கௌசல்யா அதைக் கடைசிவரை கவனித்தார்.

"அப்படிங்களா," என்றார். "சரீங்க. பெருமழை பேயுற நாளுல பின்னால ரூமுல படுக்க மாட்டமுங்க. முன்னால பாய விரிச்சுக்கறமுங்க. பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிப்போடறேன்." கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவ அவருக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். "வாங்க, சோறு ஆறுது."